வேலூர் வெயிலை அடக்கும் கையடக்க ஃப்ளாஷ்: மாடல் போட்டோகிராஃபிக்கு கோடாக்ஸ் ஏடி200 ப்ரோ எப்படி?

சித்திரைக் கடைசியில், பகல் பதினொரு மணிக்கு, வேலூர் கோட்டை மதிலோரம் ஒருவரை நிறுத்தி அவர் முகத்தைக் கூர்ந்து பாருங்கள். நெற்றியில் வெள்ளையாக ஒரு பளபளப்பு. புருவத்துக்குக் கீழே கண்கள் இரண்டும் குழிக்குள் போய் இருண்டு கிடக்கும். மூக்கின் நிழல் மேலுதட்டில் மீசை போல விழும். தாடைக்குக் கீழே கழுத்து கறுத்துப் போயிருக்கும். இதே முகம் காலை ஆறரைக்கு அழகாக இருந்தது, மாலை ஐந்தரைக்கு மறுபடி அழகாகும். நடுவில் கிடக்கும் பதினொரு மணி நேரத்தை என்ன செய்வது என்பதுதான் இந்த ஊரில் ஃபேஷன், போர்ட்ரெய்ட் எடுக்கிறவர்களின் பெரிய சங்கடம். மாடல் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை, மேக்கப் முடிவதற்கே பத்து மணி ஆகிவிடும், அதற்குள் நல்ல வெளிச்சம் போய்விடும்.

கோடாக்ஸ் ஏடி200 ப்ரோ அந்தப் பதினொரு மணி நேரத்தை மீட்டுத் தருகிறது. மாடல்களை வைத்துப் படம் எடுப்பதில் மனசு உள்ளவர்கள் இரண்டாவது லென்ஸ் வாங்குவதற்கு முன் இதை வாங்கலாம் என்பதே எங்கள் தீர்ப்பு. ஆனால் இதனால் என்ன முடியும், என்ன முடியாது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். கணக்குப் போடாமல் வாங்கியவர்கள் முதல் அவுட்டோரிலேயே ஏமாந்து போவார்கள்.

பொருள் இதுதான். ஒரு தண்ணீர் பாட்டில் பைக்குள் அடங்கிவிடும் நீளமான பெட்டி. பவர் 200 வாட் செகண்ட், அதாவது ஒரு முறை அடிக்கும்போது 200 ஜூல் சக்தி. 14.4 வோல்ட் லித்தியம் பேட்டரி பின்பக்கம் செருகிக்கொள்ளும். முழு பவரில் சுமார் 500 முறை அடிக்கலாம் என்பது கம்பெனி கணக்கு. முழு பவரில் அடித்த பிறகு அடுத்த ஃப்ளாஷுக்குத் தயாராக 1.8 நொடி. பவரை 1/1-இலிருந்து 1/256 வரை குறைக்கலாம். கூடவே வெளிச்சம் வரும் முனையாக மாற்றி மாற்றி மாட்ட இரண்டு ஹெட் வரும். ஒன்று கேமரா மேல் மாட்டும் சாதாரண ஸ்பீட்லைட் ஃப்ளாஷ் போலத் தட்டையான கண்ணாடி முகம் கொண்டது, இன்னொன்று வெறும் பல்பு. கேமராவின் மேல் மாட்டி ஃப்ளாஷை அடிக்க வைக்கும் ட்ரிகரைத் தனியாக வாங்க வேண்டும். அது உங்கள் கேமரா கம்பெனிக்கு உரியதாக இருக்க வேண்டும், கேனானுக்கு வாங்கியது சோனியில் சரியாக வேலை செய்யாது.

இரண்டு ஹெட்டில் எதை மாட்டுவது? பெரும்பாலானவர்கள் தட்டை ஹெட்டையே மாட்டி, வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிக்கூடான சாஃப்ட்பாக்ஸுக்குள் விடுகிறார்கள். அது தவறு. தட்டை ஹெட் வெளிச்சத்தை நேராக முன்னால் தள்ளும். துணியின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும், ஓரமெல்லாம் மங்கலாக இருக்கும். அப்புறம் 80 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸ் வாங்கியும் 30 சென்டிமீட்டர் வேலைதான் நடக்கும். வெறும் பல்பு நாலா பக்கமும் வெளிச்சம் விடுவதால் சாஃப்ட்பாக்ஸின் உட்புற வெள்ளித் துணியில் பட்டுத் திரும்பி, முன்துணி முழுவதும் சீராக நிறையும். மாடலின் கண்ணில் தெரியும் அந்தச் சின்ன வெளிச்ச வட்டத்தைப் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் ஒரு சூடான புள்ளி தெரிந்தால் ஹெட் தவறு. வட்டம் முழுக்க ஒரே வெள்ளையாக இருந்தால் சரி.

இனி கணக்கு. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/200 நொடி வைத்தால் அப்பெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சுருங்கும்) எஃப் 11 ஒட்டி வரும். ஷட்டரை அதற்கு மேல் கொண்டுபோக முடியாது. 1/200 அல்லது 1/250-க்கு மேலே போனால் சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதில்லை, படத்தின் கீழ்ப்பக்கம் கறுப்புப் பட்டை விழும். ஆக, முகத்தில் விழும் ஃப்ளாஷும் எஃப் 11 தர வேண்டும். 80 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸ், இரண்டு அடுக்குத் துணி, முழு பவர், முகத்திலிருந்து ஒரு மீட்டர் அல்லது சற்று மேல் என்றால் ஏடி200 ப்ரோ அந்த எஃப் 11-ஐ எட்டிப் பிடிக்கும். இரண்டு மீட்டருக்குத் தள்ளினால் பிடிக்காது. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும், அதாவது இரண்டு ஸ்டாப் போச்சு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பது). 1.4 மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு நகர்த்தினால் ஒரு ஸ்டாப் கூடும். பவர் பட்டனைத் தொடுவதற்கு முன் ஸ்டாண்டை நகர்த்திப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இதன் நேரடி விளைவு ஒன்று: பகல் வெயிலில் இந்த லைட் இடுப்பளவு ஷாட், முக ஷாட் இரண்டுக்கும் போதும். தலை முதல் கால் வரை, புடவையின் முழு அழகும் தெரிய எடுக்க வேண்டும் என்றால் சாஃப்ட்பாக்ஸ் இரண்டரை மீட்டர் தள்ளிப்போக வேண்டும், அப்போது வெயில் ஜெயித்துவிடும். அந்த வேலைக்குச் சாஃப்ட்பாக்ஸைக் கழற்றிவிட்டு ஹெட்டைச் சுற்றி மாட்டும் கிண்ணம் போன்ற ரிஃப்ளெக்டரோடு மட்டும் அடிக்கலாம். வெளிச்சம் கடினமாக இருக்கும், ஃபேஷனில் அதற்கும் ஓர் அழகு உண்டு. இல்லையென்றால் ஏடி-பி2 என்ற பிராக்கெட்டில் இரண்டு ஏடி200-ஐச் சேர்த்து மாட்டி 400 வாட் செகண்டாக ஆக்கலாம். நண்பர்கள் இரண்டு பேர் ஆளுக்கு ஒன்று வைத்திருந்தால் இது நல்ல ஏற்பாடு.

பின்னணி மங்கலாக வேண்டும், எஃப் 2-இல் எடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. அதற்கு, ஷட்டரை 1/250-க்கு மேலும் ஓட்ட விடும் எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் சிங்க்) இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 1/8000 வரை போகும். ஆனால் எச்எஸ்எஸ் போட்டதும் ஃப்ளாஷ் ஒரே வெடிப்பாக அடிக்காமல் துடித்துத் துடித்து அடிக்கும். அதில் இரண்டு ஸ்டாப்போ அதற்கு மேலோ போய்விடும். உச்சி வெயிலில் 200 வாட் செகண்டில் அந்த இழப்பைத் தாங்க இடமில்லை. இதற்கு நல்ல வழி, லென்ஸின் முன் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர். எஃப் 11-இல் இருந்த எக்ஸ்போஷர் எஃப் 4-க்கு வந்துவிடும், ஷட்டர் 1/200-லேயே நிற்கும், ஃப்ளாஷுக்கும் வெயிலுக்கும் உள்ள விகிதம் மாறாது. 85 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 4, மாடலுக்குப் பின்னால் பத்து மீட்டர் வெளி இருந்தால் கோட்டை மதில் கரைந்து போகும். எச்எஸ்எஸ்ஸை நிழலிலும், மாலை ஐந்துக்கு மேலும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அது அற்புதமாக வேலை செய்யும்.

ஃப்ளாஷுக்குப் பதில் எல்இடி லைட் வாங்கலாமே, கண்ணால் பார்த்துப் பார்த்து எடுக்கலாமே என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. 60 வாட் எல்இடி 1/200 நொடி ஷட்டர் திறந்திருக்கும்போது இழுக்கும் மின்சாரம் 0.3 ஜூல். இந்த ஃப்ளாஷ் அதே நேரத்துக்குள் 200 ஜூலைக் கொட்டுகிறது. அறைக்குள் எல்இடி நன்றாக இருக்கும், வீடியோவுக்கு அதுதான் வேண்டும். பாலாற்று மணலில் பகல் பன்னிரண்டு மணிக்கு அது எரிகிறதா இல்லையா என்பதே தெரியாது.

செட் பண்ணும் வரிசையை ஒருமுறை மனசில் பதித்துக்கொண்டால் மாடலைக் காத்திருக்க வைக்க வேண்டியதில்லை. மாடலை வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். வெயில் தலைமுடியிலும் தோளிலும் ஓர் ஓரக்கோடு போடும், முகம் தன் நிழலிலேயே இருக்கும். ஃப்ளாஷை அணைத்துவிட்டு, பின்னணி கண்ணுக்குத் தெரிவதைவிட ஒரு ஸ்டாப் இருட்டாக வரும்வரை அப்பெர்ச்சரைக் குறையுங்கள். இந்த நிலையில் முகம் கறுத்துத்தான் இருக்கும், பதற வேண்டாம். சாஃப்ட்பாக்ஸை மாடலின் கண் மட்டத்துக்கு ஓரடி மேலே, மூக்குக்கு 45 டிகிரி பக்கவாட்டில், லேசாகக் கீழே பார்க்கும்படி வையுங்கள். பவரை 1/2-இல் தொடங்கி அடித்துப் பார்த்து ஏற்றுங்கள் அல்லது இறக்குங்கள். கேமராவே பவரை முடிவு செய்யும் டிடிஎல் ஆட்டோவை ஷூட்டுக்கு நடுவில் நம்பாதீர்கள். வெள்ளைச் சட்டைக்கும் கறுப்புச் சட்டைக்கும் அது வேறு வேறு பவர் கொடுக்கும், பத்துப் படத்தில் பத்து வெளிச்சம் வரும். மேனுவலில் வைத்துவிட்டால் மாடல் அந்த இடத்தைவிட்டு நகராத வரை ஒரே சீர்.

கண்ணில் அந்த வெளிச்ச வட்டம் கருவிழியின் பத்து மணி அல்லது இரண்டு மணி இடத்தில் தெரிந்தால் லைட்டின் உயரம் சரி. கண்ணில் வட்டமே இல்லையென்றால் லைட் உயரமாகப் போய்விட்டது. வட்டம் கருவிழிக்கு நடுவே வந்தால் தாழ்ந்துவிட்டது, முகம் தட்டையாகும். மூக்கு நிழல் கன்னத்து நிழலோடு சேர்ந்து, இருட்டுப் பக்கக் கன்னத்தில் ஒரு சின்ன முக்கோண வெளிச்சம் நின்றால் அதுதான் ரெம்ப்ராண்ட் லைட்டிங் என்று ஓவியரின் பெயரால் சொல்லப்படுவது. எலும்பு எடுப்பான முகத்துக்கு அது கம்பீரம் கொடுக்கும். வட்ட முகத்துக்கு லைட்டை நேர் முன்னே உயர்த்தி, மூக்குக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி போல ஒரு சின்ன நிழல் விழ வைப்பது நல்லது. அப்படி வைக்கும்போது நெஞ்சு மட்டத்தில் ஒரு தெர்மாகோல் ஷீட்டைப் படுக்கையாகப் பிடித்தால் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையம் கரையும். தெர்மாகோல் எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும், பல நேரம் இரண்டாவது ஃப்ளாஷின் வேலையை அது செய்துவிடும். பாலாற்று மணலில் எடுத்தால் அதுகூட வேண்டாம், மணலே கீழிருந்து வெளிச்சத்தை எறியும். சில நேரம் தேவைக்கு மேல் எறியும், தாடைக்குக் கீழே நிழலே இல்லாமல் முகமும் கழுத்தும் ஒன்றாகிவிடும். அப்போது மாடலின் காலடியில் ஒரு கறுப்புத் துணியை விரித்தால் தாடைக்கோடு திரும்ப வரும்.

இந்த லைட்டின் உண்மையான பரிசு பட்டுப்புடவையில் தெரியும். பழைய வட ஆற்காட்டு ஊரான ஆரணியில் நெய்த புடவை ஒன்றை மாடலுக்குக் கட்டிவிட்டு இதைச் சோதிக்கலாம். கேமரா மேலேயே ஃப்ளாஷை மாட்டி நேரே அடித்தால் ஜரிகை இரண்டு விதமாகக் கெடும். மடிப்பின் முகட்டில் வெள்ளையாகத் தீய்ந்துபோகும், மற்ற இடத்தில் பழுப்பு நூல் போல உயிரில்லாமல் கிடக்கும். ஜரிகை கண்ணாடி மாதிரி, அது தன்மேல் படும் லைட்டைத்தான் திருப்பிக் காட்டும். சின்ன லைட் பட்டால் சின்னப் புள்ளியாகப் பளிச்சிடும், பெரிய சாஃப்ட்பாக்ஸ் பட்டால் பார்டர் முழுக்கப் பொன்னாகப் பரவும். சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டிலிருந்து கொசுவத்தின் மேல் சாய்வாக ஓட விடுங்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு வெளிச்ச முகமும் ஒரு நிழல் முகமும் கிடைக்கும். புடவையின் கனமும் நெசவும் அப்போதுதான் படத்தில் வரும். ஜரிகை தீய்கிறது என்றால் பவரைக் குறைப்பதற்கு முன் மாடலை இடுப்பிலிருந்து பத்து டிகிரி திருப்பிப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

மயில்கழுத்து நிறம் இன்னும் ருசியானது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். லைட் விழும் கோணத்தைப் பொறுத்து நீலம் எழும், இல்லையென்றால் பச்சை எழும். ஸ்டாண்டை மாடலைச் சுற்றி ஓரடி ஓரடியாக நகர்த்தி ஐந்தாறு படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே புடவை, ஒரே ஆள், ஒரே இடம். ஆனால் தோளில் நீலமும் முந்தானையில் பச்சையும் ஒரே நேரத்தில் நிற்கிற ஒரு கோணம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கிற அந்த இருபது நிமிடம், மாடல் போட்டோகிராஃபி தருகிற மிகப் பெரிய சந்தோஷங்களில் ஒன்று. வெயிலை நம்பி எடுத்தால் கோணம் தானாக வரும்வரை காத்திருக்க வேண்டும். கையில் லைட் இருந்தால் நாமே தேடிப் போகலாம். ரவி வர்மா படங்களில் பட்டு ஏன் அப்படி மின்னுகிறது என்பதும் அந்த இருபது நிமிடத்தில் புரியத் தொடங்கும். அவர் வரைந்த பெண்கள் மேல் வெளிச்சம் பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்துதான் விழுகிறது.

முந்தானையை வீசச் சொல்லிக் காற்றில் நிறுத்த வேண்டும் என்றால் பவரைக் குறையுங்கள். முழு பவரில் இந்த ஃப்ளாஷ் சுமார் 1/220 நொடி எரிகிறது, துணி நுனி இழுபட்டுவிடும். பவர் குறையக் குறைய எரியும் நேரமும் சுருங்கும், மிகக் குறைந்த பவரில் 1/13000 நொடி வரை போகும். 1/16 அளவில் வைத்து, சூரியன் இறங்கிய பிறகோ உள்ளரங்கிலோ எடுத்தால் நூல் நூலாகத் துணி நிற்கும்.

தோலாடை இங்கே இன்னொரு பாடம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள். கறுப்பு ஜாக்கெட், ஷூ, பை என்று ஃபேஷனுக்கு வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கறுப்புத் தோலுக்கு நேர் வெளிச்சம் கொடுத்தால் சாம்பல் நிறமாகிவிடும். சாஃப்ட்பாக்ஸை மாடலுக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் கொண்டுபோய், அதன் ஓரம் மட்டும் ஜாக்கெட்டைத் தொடும்படி வையுங்கள். தையல், காலர், கையின் மடிப்பு எல்லாம் வெள்ளைக் கோடுகளாக எழும், கறுப்பு கறுப்பாகவே இருக்கும்.

முக நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர் முகங்களில் பல நல்ல கறுப்பு, மாநிறம். கேமராவின் ஆட்டோ மீட்டர் எல்லாவற்றையும் நடுச் சாம்பலுக்கு இழுக்கப் பார்க்கும், கறுப்பு முகத்தை வெளிறச் செய்யும். சிலர் அதையே அழகு என்று நினைத்து இன்னும் ஏற்றுகிறார்கள். செய்யாதீர்கள். கறுத்த சருமத்தின் அழகு அதன் மேல் ஓடும் மினுக்கத்தில் இருக்கிறது. கன்ன எலும்பு, நெற்றி, மூக்குத்தண்டு, தோள் ஆகியவற்றின் மேல் ஒரு பெரிய மென்மையான லைட்டின் பிரதிபலிப்பு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்குச் சாஃப்ட்பாக்ஸைப் பக்கத்தில் கொண்டுவந்து பவரைக் குறைப்பதுதான் வழி. பக்கத்தில் வந்தால் லைட் முகத்துக்குப் பெரிதாகத் தெரியும், மினுக்கம் அகலமாகும், தீயாது. கேமரா திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்புச் சானலைத் தனியாகப் பாருங்கள், நம் சருமத்தில் முதலில் எல்லை தாண்டுவது அதுதான். நிறத்தை உள்ளபடி எடுத்துக் காட்டிய படத்தை ஒரு பெண் தன் போனில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டால் அதைவிடப் பெரிய சான்றிதழ் போட்டோகிராஃபருக்கு வேண்டியதில்லை.

மேக்கப் போடுகிறவரிடம் ஷூட்டுக்கு முன்பே ஒன்று கேட்டுவிடுங்கள்: பவுடரில் சிலிகா இருக்கிறதா, சன்ஸ்கிரீனில் ஜிங்க் ஆக்ஸைடு இருக்கிறதா? இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஃப்ளாஷ் அடித்ததும் கண்ணுக்குக் கீழேயும் மூக்கோரமும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம் ஆகிவிடும். வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே போனில் ஃப்ளாஷ் போட்டு ஒரு செல்ஃபி எடுத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும். வேர்வைக்கு மேலே மேலே பவுடர் போடுவதும் கூடாது. டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது.

லைட் எல்லாம் சரியாக இருந்தும் முகம் இறுகிப் போயிருந்தால் படம் நிற்காது. "சிரிங்க" என்று சொன்னால் யாருக்கும் சிரிப்பு வராது, வாய் மட்டும் விரியும். செய்யக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும். "மூக்கை அந்தத் தூண் பக்கம் கொண்டுபோங்க, கண்ணு மட்டும் இங்க வரட்டும்." "வலது கால்ல எடையைப் போடுங்க, இடது முட்டியைத் தளர விடுங்க." "மூச்சை மெல்ல விடுங்க... ம், அப்படியே." மூச்சு விடும் கடைசி நொடியில் தோள் ஒரு விரற்கடை இறங்கும், உதடு லேசாகப் பிரியும், புருவத்தின் நடுவிலிருந்த முடிச்சு அவிழும். அந்த நொடியில் அடிக்க வேண்டும். அடித்ததும் கேமராவின் திரையை அவரிடம் காட்டுங்கள். தன் முகத்தை அந்த வெளிச்சத்தில் முதல்முறை பார்க்கிறவர் அடுத்த படத்துக்கு வேறு ஆளாக நிற்பார், முதுகு நிமிரும், கை எங்கே போவது என்ற தவிப்பு போகும். அதற்குப் பிறகு அவரே ஒரு யோசனை சொல்வார், நாம் ஒன்று சொல்வோம். ஷூட் அப்போதுதான் தொடங்குகிறது. ஒருவரைப் படம் எடுப்பது என்பது இருவர் சேர்ந்து ஒன்றைச் செய்வது என்று புரியும் இடம் அது. அடுத்த ஃப்ளாஷுக்குத் தயாராக இந்த லைட் எடுக்கும் 1.8 நொடி ரீசைக்கிள் இங்கே பெரிய வரம். பழைய ஏஏ செல் ஃப்ளாஷில் முழு பவருக்கு நாலைந்து நொடி காத்திருப்பதற்குள் அந்த முகம் போய்விடும்.

இது சின்ன ஊர். படம் எங்கே போகும் என்ற கவலை மாடலுக்கும் அவர் வீட்டுக்கும் இருக்கும், இருப்பது நியாயம். பணம் வாங்காமல் படத்துக்காக நிற்கிற ஏற்பாடாக இருந்தாலும் எங்கே போடலாம், எதில் போடக் கூடாது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து. அம்மாவோ அக்காவோ கூட வந்தால் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், முடிந்தால் வெளிச்சத்தைத் திருப்பும் ரிஃப்ளெக்டர் ஷீட்டை அவர் கையில் கொடுங்கள். முந்தானை சரிய வேண்டும், முடி விலக வேண்டும் என்றால் வாயால் சொல்லுங்கள், கையால் தொடாதீர்கள். உடை மாற்றப் பூட்டுள்ள அறை இல்லாத இடத்தை ஷூட்டுக்குத் தேர்ந்தெடுக்கவே கூடாது. வெயிலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிழலும் தண்ணீரும்.

கோட்டையில் எடுக்க நினைக்கிறவர்களுக்கு: அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். கையில் கேமராவோடு சுற்றுவது வேறு, ஸ்டாண்டும் சாஃப்ட்பாக்ஸும் நிறுத்தி ஷூட் பண்ணுவது வேறு. இரண்டாவதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

இனி குறைகள். பெட்டியில் குடை செருகும் ஓட்டையோ சாஃப்ட்பாக்ஸ் மவுன்ட்டோ கிடையாது. அவற்றை மாட்ட உதவும் எஸ்2 பிராக்கெட் தனியாக வாங்கியே ஆக வேண்டும், அதையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். வெறும் பல்பு ஹெட்டில், அடிக்கும் முன்பே நிழலைக் காட்ட எரிந்துகொண்டிருக்கும் மாடலிங் லைட் இல்லை. இருட்டு அறையில் நிழல் எங்கே விழும் என்று அடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், ஃபோகஸுக்கும் ஒரு சின்ன லைட் வேண்டியிருக்கும். பல்பு கண்ணாடி மெல்லியது. ஸ்டாண்டு சாய்ந்தால் முதலில் போவது அதுதான். ஆடிக் காற்றில் 80 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸ் பாய்மரம் மாதிரி. ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை ஸ்டாண்டின் நடுத்தண்டில் கட்டித் தொங்க விடுங்கள், அல்லது ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். பல்பை வெறும் விரலால் தொடாதீர்கள். கை எண்ணெய் ஒட்டிய இடம் சூட்டில் கருகும். கழற்றும்போது துணியால் பிடியுங்கள், ஹெட் மாற்றும் முன் லைட்டை அணைத்துவிடுங்கள்.

சூடு இன்னொரு பிரச்சினை. முழு பவரில் விடாமல் அடித்துக்கொண்டே போனால் சூட்டுப் பாதுகாப்பு வேலை செய்து ரீசைக்கிள் நேரம் நீளும். கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், நிழலில் வைத்துப் பத்து நிமிடம் விட்டால் சரியாகும். பேட்டரியை வண்டி டிக்கியில் வெயிலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு இந்த ஊர் மே மாதம் ஒத்துக்கொள்ளாது. ஷூட் முடிந்து சூடாக இருக்கும்போதே சார்ஜில் போடுவதும் கூடாது.

மாலை வெளிச்சத்தில் எடுக்கிறவர்கள் ஹெட்டின் முன் ஒட்டும் ஆரஞ்சு நிறத் தாளான ஜெல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்ளாஷ் 5600 கெல்வின், பகல் நிறம். ஏலகிரி மேலே சூரியன் இறங்கும் நேரத்தில் மாடலின் தலைமுடி பொன்னாகவும் முகம் நீலமாகவும் வந்தால் ஜெல் போடாததுதான் காரணம். அரை அளவு ஆரஞ்சு போதும்.

யார் வாங்க வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். கல்யாண ஹாலில் ஓடி ஓடி எடுக்கிறவர்களுக்கு இதைவிடக் கேமரா மேல் மாட்டும் ஃப்ளாஷ்தான் வசதி. ஸ்டுடியோவுக்குள் மட்டும் எடுக்கிறவர்கள் இதே பணத்தில் கரண்டில் ஓடும் பெரிய லைட் வாங்கலாம், மாடலிங் லைட்டும் கிடைக்கும். பகல் வெயிலில் முழு உருவ ஃபேஷன்தான் உங்கள் வேலை என்றால் நேராக 400 வாட் செகண்டுக்குப் போங்கள். இவை எதுவும் இல்லாமல், ஒரு முகம், ஒரு உடை, ஓர் இடம் என்று நிதானமாக எடுக்கிறவர்களுக்கு, பைக்கில் ஒற்றை ஆளாகப் பையை மாட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான லைட் இந்த அளவில் குறைவு.

வாங்கும்போது கடையிலேயே செய்ய வேண்டியது: இரண்டு ஹெட்டையும் மாற்றி மாட்டிப் பாருங்கள், பூட்டு ஆடக் கூடாது. முழு பவரில் பத்து முறை விட்டு விட்டு அடியுங்கள், ஒன்றுகூடத் தவறக் கூடாது. உங்கள் கேமராவையும் ட்ரிகரையும் கொண்டுபோய்ப் பத்தடி தள்ளி நின்று சோதியுங்கள். பில்லில் சீரியல் நம்பர் எழுதியிருக்கிறதா, வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று கேளுங்கள். அப்படியே ஒரு உபரி பல்பும் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடலும் மேக்கப்காரரும் காத்திருக்கும்போது பல்பு உடைந்தால் அதை எந்தக் கடையிலும் போய் வாங்க முடியாது.